இணையத்தின் கதை – 14: இலவசமாக ஒரு பட்டியல்

2014 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஏர்டெல் தன் கட்டண விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. ஸ்கைப், வைபர் போன்ற செயலிகளில் பேசினால், அதற்குச் செலவாகும் டேட்டா இனிமேல் வாடிக்கையாளர் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கும் பேக்கில் கழியாது. தனிக் கட்டணம். 3ஜி என்றால் 10 கேபிக்கு 4 பைசா, 2ஜி என்றால் 10 பைசா.

பைசாவில் சொன்னதால் பலருக்கு அது உறைக்கவில்லை. பெருக்கிப் பார்த்தவர்கள்தான் அதிர்ந்தார்கள். 3ஜியில் ஒரு எம்.பி.க்கு நான்கு ரூபாய்க்கு மேல் வருகிறது. அப்படியென்றால் ஒரு ஜிபிக்கு நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். அதே ஒரு ஜிபி, பாட்டுக் கேட்கவோ படம் பார்க்கவோ என்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த காலம் அது. துபாயில் வேலை பார்க்கும் கணவரோடு ஸ்கைப்பில் பேசுகிறவர், காசு கொடுத்து வாங்கிய டேட்டாவுக்கே இன்னொரு முறை, அதுவும் பல மடங்கு, காசு கொடுக்க வேண்டும். டேட்டாவில் எந்த வித்தியாசமும் இல்லை. அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்பதற்குத்தான் விலை.

எதிர்ப்பு கிளம்பியது. ஐந்தாவது நாள், டிசம்பர் 29-ம் தேதி, ஏர்டெல் பின்வாங்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கலந்தாய்வு அறிக்கை வெளியிடப்போகிறது, அதுவரை இந்தத் திட்டம் வேண்டாம் என்று நிறுத்திவைத்தது.

அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரென்ட் பரிமாற்றத்தை ரகசியமாக முடக்கிப் பிடிபட்ட கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். டிம் வூ என்ற சட்டப் பேராசிரியர் 2003-ல் எழுதிய கட்டுரை ஒன்றின் வழியாக 'நெட் நியூட்ராலிட்டி' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததையும் பார்த்தோம். இணைப்புத் தருகிறவர் இணைப்பைத் தர வேண்டும். அதன் வழியே போவது யாருடைய தகவல் என்று பார்த்து ஒன்றை விரைவாகவும் ஒன்றை மெதுவாகவும், ஒன்றை இலவசமாகவும் ஒன்றைக் கூடுதல் விலைக்கும் விடக் கூடாது. தமிழில் இதை இணையச் சமத்துவம் என்கிறோம். அமெரிக்காவில் சண்டை வேகத்தைப் பற்றியது. இந்தியாவில் அது விலையைப் பற்றியதாக வந்தது. நம் ஊரில் பெரும்பாலானோருக்கு இணையம் என்றாலே மொபைல்தான். மொபைல் என்றால் பேக். பேக் என்றால் எத்தனை எம்.பி. மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு. அந்தக் கணக்கில் கைவைத்தால் ஒருவர் எங்கே போவார், எங்கே போகமாட்டார் என்பதைத் தீர்மானித்துவிடலாம். எதையும் தடைசெய்ய வேண்டிய தேவைகூட இல்லை.

2015 மார்ச் 27-ம் தேதி டிராய் அறிக்கை வந்தது. 118 பக்கங்கள், 20 கேள்விகள். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்கு உரிமம் தேவையா, டெலிகாம் நிறுவனங்களின் வருமான இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்ற திசையிலேயே அறிக்கையின் பார்வை இருந்தது. நிறுவனங்களின் வாதத்தை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். அதே மார்ச் மாதம் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கோபுரம் நட்டது அவர்கள், கடன் வாங்கியது அவர்கள், எஸ்.எம்.எஸ். வருமானத்தைக் கொண்டுபோனது வாட்ஸ்அப். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் போகும் ஒவ்வொரு கேபிக்கும் வாடிக்கையாளர் ஏற்கெனவே டேட்டா பேக்கில் காசு கட்டிவிட்டார் என்பதை அந்த வாதம் தாண்டிப் போய்விடுகிறது. வாட்ஸ்அப் வந்ததால்தான் கோடிக்கணக்கானவர்கள் முதன்முதலாக டேட்டா பேக் போட்டார்கள் என்பதையும்தான்.

ஏப்ரல் 6-ம் தேதி 'ஏர்டெல் ஜீரோ' அறிவிப்பு வந்தது. செயலிக்காரர்கள் ஏர்டெலுக்குப் பணம் கட்டினால், அந்தச் செயலியை வாடிக்கையாளர் டேட்டா செலவில்லாமல் பயன்படுத்தலாம். பணம் உள்ள கம்பெனியின் கடை இலவசம், நேற்று தொடங்கிய சிறு கம்பெனியின் கடைக்குப் போக டேட்டா செலவு. ஃப்ளிப்கார்ட் இதில் சேரப்போவதாகப் பேச்சு அடிபட்டதும், அதன் செயலிக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பெண் கொடுத்து மக்கள் கோபத்தைக் காட்டினார்கள். ஏப்ரல் 14-ம் தேதி ஃப்ளிப்கார்ட் விலகிக்கொண்டது.

டிராய் கேட்ட இருபது கேள்விகளைச் சாதாரண மனிதர் படித்துப் பதில் எழுதுவது நடக்கிற காரியமல்ல. அதைச் செய்துகொடுத்தது 'சேவ் தி இன்டர்நெட்' என்ற தன்னார்வக் குழு. பத்திரிகையாளர் நிகில் பாவா, வழக்கறிஞர் அபர் குப்தா, மென்பொருள் துறையைச் சேர்ந்த கிரண் ஜொன்னலகட்டா போன்றவர்கள் இதில் இருந்தார்கள். கேள்விக்குக் கேள்வி பதில் தயாரித்து, படித்துப் பார்த்து, வேண்டிய திருத்தம் செய்து அனுப்பும்படி வைத்தார்கள். ஏ.ஐ.பி. என்ற நகைச்சுவைக் குழு ஒரு வீடியோ வெளியிட்டது. விஷயம் கல்லூரி விடுதிகள்வரை போனது. சில வாரங்களில் பத்து லட்சம் மின்னஞ்சல்கள் டிராயில் குவிந்தன. ஏப்ரல் 27-ம் தேதி டிராய் அத்தனை பேருடைய பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அப்படியே தன் தளத்தில் போட்டுவிட்டது. வெளிப்படைத்தன்மை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அரசு அமைப்பை நம்பிக் கருத்துச் சொன்ன பத்து லட்சம் பேரை விளம்பரக்காரர்களிடமும் ஏமாற்றுக்காரர்களிடமும் ஒப்படைத்த செயல் அது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஆனால் இந்த அத்தியாயத்தின் மையம் ஏர்டெல் அல்ல. அந்த ஆரவாரத்துக்கு இரண்டு மாதம் முன்பே, 2015 பிப்ரவரி 10-ம் தேதி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக ஃபேஸ்புக் இந்தியாவில் இறக்கிய ஒரு திட்டம். முதலில் அது கிடைத்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆந்திரம், தெலங்கானா, கேரளம், மகாராஷ்டிரம், குஜராத் மற்றவை. தமிழிலும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். பெயர் இன்டர்நெட்.ஆர்க். பெயரைக் கேட்டால் ஏதோ தொண்டு நிறுவனம் போலத் தோன்றும். 2013 ஆகஸ்டில் ஃபேஸ்புக், சாம்சங், எரிக்சன், நோக்கியா, குவால்காம், மீடியாடெக், ஓபெரா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த கூட்டணி அது.

அது எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரிலையன்ஸ் சிம் போட்ட போனில் அந்தச் செயலியையோ தளத்தையோ திறந்தால் ஒரு பட்டியல் வரும். ஃபேஸ்புக், விக்கிப்பீடியா, வானிலை, வேலைவாய்ப்பு, கிரிக்கெட், சில செய்தித்தளங்கள் என முப்பது சொச்சம் பெயர்கள். இவற்றுக்கு டேட்டா கழியாது. பட்டியலில் இல்லாத சுட்டி ஒன்றைத் தொட்டால் 'இதற்குக் கட்டணம் உண்டு' என்று எச்சரிக்கை வந்து நிற்கும். வீடியோ கிடையாது, இணையவழிப் பேச்சு கிடையாது, பெரிய படங்கள் கிடையாது. பட்டியலில் இடம்பிடிக்க விரும்பும் தளம், ஃபேஸ்புக் வகுத்த தொழில்நுட்ப விதிகளுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று வெளியே தெரியாதது. போனிலிருந்து கிளம்பும் கோரிக்கை நேராக அந்தத் தளத்துக்குப் போகாது. ஃபேஸ்புக்கின் இடைச் சேவையகம் வழியாகத்தான் போகும், திரும்பி வரும். ஏழை ஒருவர் எந்த நோய்க்கு மருந்து தேடினார், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் பார்த்தார் என்ற தடமெல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகவே போய் வந்தது.

ஏப்ரல் போராட்டத்தின் சூட்டில் கிளியர்ட்ரிப், என்.டி.டி.வி. போன்றவை பட்டியலிலிருந்து விலகின. ஃபேஸ்புக் சுதாரித்துக்கொண்டது. விதிகளுக்கு உட்படும் எந்தத் தளமும் சேரலாம் என்று கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தது. செப்டம்பரில் பெயரையும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று மாற்றியது. அதே மாதம் பிரதமர் மோடி கலிஃபோர்னியாவில் ஃபேஸ்புக் தலைமையகத்துக்குப் போய் வந்தார். அக்டோபரில் மார்க் ஸக்கர்பெர்க் டெல்லி ஐ.ஐ.டி.யில் மாணவர்களைச் சந்தித்தார். எதிர்ப்பு ஓய்ந்துவிட்டதாகவே அப்போது தோன்றியது.

டிசம்பர் 9-ம் தேதி டிராய் இரண்டாவது கலந்தாய்வைத் தொடங்கியது. ஆணையத்துக்குப் புதிய தலைவர் வந்திருந்தார், ஆர்.எஸ். சர்மா. இந்த முறை 118 பக்கங்கள் இல்லை. சின்ன அறிக்கை, நான்கே கேள்விகள். தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றி வைக்க நிறுவனங்களை அனுமதிக்கலாமா? அனுமதித்தால் பாரபட்சம் வராமல் காப்பது எப்படி? இலவச இணையம் தருவதற்கு வேறு வழிகள் உண்டா? வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? கூடவே, முடிவு தெரியும்வரை ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்திவைக்கும்படி ரிலையன்ஸுக்கு டிராய் சொன்னது.

அதன் பிறகு ஃபேஸ்புக் நடந்துகொண்ட விதம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் மிக முக்கியமான பாடம். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், நகரச் சாலைகளில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள். அவற்றில் மகாராஷ்டிரத்து விவசாயி என்று கணேஷ் என்ற ஒரு பெயர். ஃபேஸ்புக்கைத் திறந்த இந்தியர்களுக்கு, ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்ற டிராய்க்கு எழுதுங்கள் என்று ஒரு வேண்டுகோள். வாசகம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும், பொத்தானைத் தொட்டால் போய்விடும். தொட்ட நண்பர்களின் பெயரைச் சொல்லி மற்றவர்களுக்கு அறிவிப்பு வரும். அமெரிக்காவிலிருந்த சிலருக்கும் அந்த வேண்டுகோள் வந்தது. தவறுதலாகப் போய்விட்டது என்று ஃபேஸ்புக் விளக்கம் சொன்னது.

டிசம்பர் 28-ம் தேதி 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஸக்கர்பெர்க் எழுதினார். பொது நூலகத்தில் உலகத்து நூல்கள் எல்லாம் இருப்பதில்லை, அரசு மருத்துவமனையில் எல்லா நோய்க்கும் சிகிச்சை இல்லை, ஆனாலும் அவை மக்களுக்கு நன்மை செய்யவில்லையா என்பது அவர் வாதத்தின் சாரம். நிகில் பாவா அதே நாளிதழில் மறுப்பு எழுதினார். ஒப்பீடு எங்கே பிசகுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நூலகத்தில் இல்லாத நூல் பணமோ இடமோ போதாததால் இல்லை. அந்த நூலகத்தை ஒரு பதிப்பாளர் நடத்தி, தன் நூல்களை முதல் அலமாரியில் அடுக்கி, மற்ற பதிப்பாளர்கள் தன் விதிப்படி அச்சடித்தால்தான் உள்ளே வைப்பேன் என்று சொல்லி, வாசகர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்றும் குறித்துக்கொண்டால் அதைப் பொது நூலகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதே நாட்களில் ஐ.ஐ.டி.க்களையும் இந்திய அறிவியல் கழகத்தையும் சேர்ந்த பேராசிரியர்கள் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். எது 'அடிப்படை' என்று முடிவெடுக்க ஃபேஸ்புக் யார்? பயனரின் தகவல் அவர்கள் சேவையகத்தில் பிரித்துப் படிக்கும் நிலையில் இருக்கலாமா? இதை 'இலவசம்' என்பது சரியா? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஃபேஸ்புக் நேரான பதில் தந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

டிராய்க்கு வந்த கருத்துகள் இருபது லட்சத்தைத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதி ஃபேஸ்புக்கின் பொத்தான் வழியாக வந்தவை. ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன் என்று அவை சொல்லின. ஆனால் டிராய் அதைக் கேட்கவே இல்லை. கேட்டது நான்கு கேள்விகள், அதற்கு அந்த மின்னஞ்சல்களில் பதில் இல்லை. கேள்விகளை உங்கள் பயனர்களிடம் கொண்டுசேர்த்துப் பதில் வாங்கித் தாருங்கள் என்று டிராய் ஃபேஸ்புக்கிடம் சொன்னது. கடிதப் போக்குவரத்து காரசாரமாக நடந்தது. ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில், அலசி ஆராய வேண்டிய கலந்தாய்வை ஆள் திரட்டி நடத்தும் கருத்துக்கணிப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் டிராய் கடிந்துகொண்டது. ஏப்ரலில் மக்களின் முகவரிகளை வெளியிட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்ட அதே ஆணையம், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றைப் பார்த்து இப்படி எழுதியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் தீர்ப்பு ஃபேஸ்புக் பக்கம் போயிருக்கும்.

2016 பிப்ரவரி 8-ம் தேதி விதி வந்தது. எந்த இணைப்பு நிறுவனமும் உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். பேரிடர் போன்ற அவசர காலத்துச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. அபராதத் தொகை அந்த நிறுவனங்களுக்குக் கொசுக்கடிதான். விதியோடு இணைத்த விளக்கக் குறிப்பில்தான் கனம் இருக்கிறது. இந்தியாவில் அப்போது பெரும்பாலானோர் இணையத்துக்கே வந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்கப்போகும் இணையம் எப்படி இருக்க வேண்டும் என்று டெலிகாம் நிறுவனங்களை வரையறுக்க விட்டால், அவர்களுடைய இணைய அனுபவம் முழுவதையும் நிறுவனங்களே வடிவமைத்துவிடும் என்றது டிராய். இணையத்தைப் பார்த்தே இராதவரிடம் ஒரு துண்டைக் கொடுத்து இதுதான் இணையம் என்றால், தனக்கு என்ன கிடைக்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னதையும் பேச்சுரிமையையும் அந்தக் குறிப்பு துணைக்கு அழைத்தது.

டிராய் விதி வந்த கையோடு, ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பு மனநிலைதான் இந்தியப் பொருளாதாரத்தைக் கெடுத்தது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். வாங்கிக்கட்டிக்கொண்டு அழித்தார், மன்னிப்பும் கேட்டார். அது தன் கருத்தல்ல என்று ஸக்கர்பெர்க் தள்ளிநின்றார். பிப்ரவரி 11-ம் தேதி ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் மூடப்பட்டது. உலகின் வேறு பல நாடுகளில் தொடர்ந்தது.

அப்போது எழுந்த ஓர் எதிர்க்கேள்வியை நான் இன்றும் மதிக்கிறேன். ஒன்றுமில்லாதவருக்கு முப்பது தளங்களாவது கிடைப்பது நல்லதுதானே? நகரத்தில் வைஃபையோடு இருப்பவர்கள் சேர்ந்து கிராமத்து ஏழையின் கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டார்களா? இதற்கு விதியிலேயே பாதிப் பதில் இருந்தது. இலவச டேட்டா தருவதை டிராய் தடுக்கவில்லை. எங்கே செலவிட வேண்டும் என்று சொல்லித் தருவதைத்தான் தடுத்தது. 2015 அக்டோபரிலேயே ஏர்செல், புதிய வாடிக்கையாளர்களுக்கு மூன்று மாதம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் எந்தத் தளத்துக்கும் போகக்கூடிய இலவச இணைப்பை அறிவித்திருந்தது. மெதுவான இணையம், ஆனால் முழு இணையம். 2016 டிசம்பரில் டிராய் ஒரு படி மேலே போய், கிராமப்புற வாடிக்கையாளருக்கு மாதம் 100 எம்.பி. இலவசமாகத் தரலாம், பொதுச்சேவை நிதியிலிருந்து செலவிடலாம் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஏழைக்கு முழு இணையம் வேண்டும் என்று வாதாடி வென்ற நாம், அந்த 100 எம்.பி.க்காகத் தெருவுக்கு வரவில்லை என்பதை எழுதாமல் விட முடியாது.

பதிலின் மீதிப் பாதி சந்தையிலிருந்து வந்தது. 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ தொடங்கியது. முதல் மாதங்களில் எல்லாமே இலவசம். பிறகு டேட்டா விலை தரையைத் தொட்டது. விலைப் போட்டியில் ஒவ்வொரு நிறுவனமாகச் சாய்ந்தது. ஃப்ரீ பேசிக்ஸைக் கொண்டுவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியோடு மொபைல் சேவையை நிறுத்தியது. வோடஃபோனும் ஐடியாவும் 2018-ல் ஒன்றாயின. தமிழ்நாட்டுக்கு வலித்தது ஏர்செல்லின் வீழ்ச்சி. 2018 பிப்ரவரியில் ஒரு நாள் சிக்னல் கட்டங்கள் காணாமல்போயின. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் அதற்கான குறியீட்டு எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வர வேண்டும்; எஸ்.எம்.எஸ். வருவதற்கோ சிக்னல் வேண்டும். வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு, ஆதார் எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருந்ததால், ஏர்செல் அலுவலக வாசல்களில் மக்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு போட்டது. தளங்களுக்கிடையே பாகுபாடு கூடாது என்று சொன்ன விதி, வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க எத்தனை நிறுவனங்கள் மிஞ்சும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தனியார் நிறுவனங்களும் நலிந்த பி.எஸ்.என்.எல்.லும் மிஞ்சின.

விதி மட்டும் வலுப்பெற்றுக்கொண்டே போனது. 2017 நவம்பர் 28-ம் தேதி டிராய் தந்த பரிந்துரை, விலையைத் தாண்டி, தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலருக்கு முன்னுரிமை தருவது எல்லாவற்றையும் விலக்கியது. அடுத்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 14-ம் தேதி, அமெரிக்க ஆணையம் அஜித் பாய் தலைமையில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் தன் நாட்டு விதிகளைத் தூக்கி எறிந்தது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புக் கமிஷன் டிராய் பரிந்துரையை ஏற்றது. நிறுவனங்களின் உரிம ஒப்பந்தத்திலேயே அது சேர்க்கப்பட்டது.

இணைப்பு நிறுவனம் தளங்களைப் பொறுக்கி எடுத்து, இவற்றுக்கு மட்டும்தான் வழி என்று சொல்ல முடியாத நாடாக இந்தியா ஆனது. 2019 ஆகஸ்ட் 5-ம் தேதி காஷ்மீரில் இணையம் முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டது. அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10-ம் தேதி தீர்ப்புச் சொன்ன பிறகு, அரசு 2ஜி இணைப்பைத் திருப்பித் தந்தது, ஒரு பட்டியலோடு. அதில் 153 தளங்கள் இருந்தன. ஒரு வாரத்தில் அது 301 ஆனது. சமூக ஊடகம் எதுவும் அதில் இல்லை. அந்தப் பட்டியலை அமல்படுத்தியவை, உரிமத்தில் இணையச் சமத்துவத்துக்குக் கையெழுத்திட்டிருந்த அதே நிறுவனங்கள். அவர்களைக் கட்டுப்படுத்திய விதி அரசாணையைக் கட்டுப்படுத்தாது. அந்தக் காஷ்மீர் மாதங்களை அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

(தொடரும்)